கறளுக்குள் இருக்கும் பெயர்கள்

"பழைய இரும்பு, பித்தளை, செம்பு, பற்றரி" என்று ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கர வண்டி எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. மாமா கையைக் காட்டி அதை நிறுத்தினார். வீட்டின் பின்புற அறையை இடித்துக் கட்டவிருந்ததால் அங்கே கிடந்த பொருட்களையெல்லாம் ஒதுக்க வேண்டியிருந்தது. அவற்றுள் மூத்தாப்பாவின் ஆயுதப் பெட்டியும் ஒன்று.

எனது மூத்தாப்பா சாய்ந்தமருதில் ஓடாவியாக இருந்தவர். அவர் மௌத்தாகும்போது எனக்கு நான்கு வயது. பெட்டிக்குள் இரண்டு வாள்கள், ஒரு மரச் சீவுளி, நான்கு உளிகள், ஒரு கைத்துறப்பணம், பிடியில்லாத ஒரு சுத்தியல் ஆகியன இருந்தன. எல்லாம் தடித்த செம்மண் நிறக் கறள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது அந்தப் பெட்டி மூன்று நாட்கள் உப்பு நீரிலும் சேற்றிலும் கிடந்ததாம்.

வியாபாரி தராசில் வைப்பதற்காகப் பெட்டியைத் தூக்கினார். அப்போது ஓர் உளியில் சிறிய பிறையும் நட்சத்திரமும் இருப்பதை நான் கண்டேன். "மாமா, ஒரு கிழமை பொறுங்க. இது என்னெண்டு பாத்துட்டுச் சொல்றன்" என்றேன். மாமா சிரித்தார். "கறள் புடிச்ச இரும்புல என்ன புள்ள பாக்கப் போறாய்?" என்று கேட்டார். ஆனாலும் ஒரு கிழமை தந்தார். அந்த ஒரு கிழமையில் நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். பழைய கைக்கருவி ஒன்று உங்கள் வீட்டிலும் கிடக்கலாம். அதைச் செய்த கம்பனி மூடப்பட்டுப் பல காலமாகியிருக்கலாம். அப்படியிருந்தும் அது யாருடையது, எக்காலத்தது என்று கண்டறிவதற்கு வழிகள் இருக்கின்றன.

முதலில் எங்கள் வீட்டில் நடந்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உதவி செய்ய வந்த காக்கா, கிறைண்டரில் கம்பித் தூரிகையைப் பொருத்திப் பெரிய வாளை ஐந்து நிமிடத்தில் பளபளவென்று ஆக்கிவிட்டார். நானும் பக்கத்தில் நின்று சந்தோசப்பட்டேன். அன்றிரவு வாசித்தபோதுதான் விளங்கியது. பழைய வாள்களின் தகட்டில் கம்பனியின் பெயரையும் மொடல் இலக்கத்தையும் அமிலத்தால் மெல்ல அரித்து எழுதுவார்கள். அந்த எழுத்து மிகவும் ஆழம் குறைந்தது. நூறு வருடங்கள் தாங்கி, சுனாமியிலும் தப்பி நின்ற எழுத்தை நாங்கள் ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டோம். ஆகவே முதலாவது விதி இதுதான்: வாசித்து முடிக்கும்வரை கழுவவோ, தேய்க்கவோ, தீட்டவோ வேண்டாம்.

இரண்டாவது வாளுக்கு நாங்கள் அவசரப்படவில்லை. மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் சேற்றையும் எண்ணெய்ப் பிசுக்கையும் மட்டும் துடைத்தோம். பின்னர் மிக மெல்லிய அரத்தாளை ஒரு தட்டையான மரத்துண்டில் சுற்றி, எண்ணெய் தொட்டு, கையின் பாரம் விழாமல் மெதுவாகத் தடவினோம். மேற்பரப்பு வெளுக்க, அரித்த எழுத்தின் பள்ளங்கள் மட்டும் கறுப்பாகவே நிற்கும். எழுத்துத் தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும்.

இரும்பில் குத்திய முத்திரைகளை வாசிப்பதற்கு வேறு வழி. அறையை இருட்டாக்கி, டோர்ச் வெளிச்சத்தை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் பள்ளங்களில் நிழல் விழும். அந்த நிலையிலேயே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். சிறுவயதில் நாணயத்தின் மேல் கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்து விளையாடியிருப்போம் அல்லவா? அதுவும் நல்ல வழிதான். கண்ணுக்குத் தெரியாத இரண்டு மூன்று எழுத்துக்கள் கடதாசியில் வந்துவிடுகின்றன.

எங்கே தேடுவது என்பதும் முக்கியம். உளியில் பிடிக்குச் சற்றுக் கீழே, அலகின் தட்டையான பக்கத்தில் முத்திரை இருக்கும். கைவாளில் தகட்டின் நடுப்பகுதியையும், பிடியிலுள்ள திருகாணிகளுள் பெரியதான பித்தளை வில்லையையும் பார்க்க வேண்டும். மரச் சீவுளியில் முன்பக்க மூக்கின் குறுக்கு முகத்தில் செய்தவரின் பெயர் குத்தப்பட்டிருக்கும். அதன் அலகில் வேறொரு முத்திரை இருக்கும். ஆப்பைத் தட்டி அலகை வெளியே எடுத்தால்தான் அது தெரியும்.

முத்திரையில் வாசிக்கும் எல்லாச் சொற்களும் பெயர்கள் அல்ல. நான் முதலில் கண்டுபிடித்த சொல் 'காஸ்ட் ஸ்டீல்'. அதைக் கம்பனியின் பெயர் என்று நினைத்து அரை நாள் தேடினேன். அது உருக்கின் வகையைக் குறிக்கும் சொல். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துக்கு அருகே 1740 களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற மணிக்கூட்டுக்காரர், மணிக்கூட்டுச் சுருள்களுக்கு நல்ல உருக்குத் தேடி, களிமண் மூசைக்குள் உருக்கை முழுமையாக உருக்கி வார்க்கும் முறையை உருவாக்கினார். அந்த உருக்குக்கு இருந்த மதிப்பினால்தான் பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான கம்பனிகள் தமது உளிகளிலும் வாள்களிலும் அச்சொல்லைப் பொறித்தன. 'வொரண்டட்', 'வொரண்டட் சுப்பீரியர்' என்பனவும் அவ்வாறே. தரத்துக்கு உத்தரவாதம் என்பதைத் தவிர அவை வேறெதையும் சொல்வதில்லை. எங்கள் சிறிய வாளின் வில்லையில் 'வொரண்டட் சுப்பீரியர்' என்று மட்டுமே இருந்தது. பல கம்பனிகள் அதே வில்லையைப் பயன்படுத்தியதால் அதை வைத்து ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது.

இந்த இடத்தில் நமது நாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மூசையில் உருக்குச் செய்வது இலங்கைக்குப் புதிதல்ல. 1908 இல் வெளியான 'மத்தியகால சிங்களக் கலை' என்ற நூலில் ஆனந்த குமாரசுவாமி இங்குள்ள கொல்லர்கள் மூசையில் உருக்குச் செய்த முறையைப் பதிவு செய்திருக்கிறார். பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவெவயில் மேற்குச் சரிவுகளில் அமைந்த பழைய உலைகள், பருவக்காற்றின் வேகத்தாலேயே இரும்பை உருக்கின என்பதை கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் 1996 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார். அவை கி.பி. 7 முதல் 11 ஆம் நூற்றாண்டு வரையானவை. ஷெஃபீல்டின் கொல்லர்கள் தமது பெயரைப் பொறித்தார்கள். அதனால் அவர்களைத் தேட முடிகிறது. நமது கொல்லர்களின் பெயர்களைத் தேடுவதற்கு அப்படியொரு முத்திரை இல்லை.

இனி அந்தப் பிறைக்கு வருகிறேன். அதை வீட்டில் எல்லோரும் 'துருக்கி உளி' என்றே சொல்வார்கள். மூத்தாப்பாவும் அப்படித்தான் சொன்னாராம். பிறையும் நட்சத்திரமும் இருந்தால் வேறு எங்கிருந்து வந்திருக்கும் என்று நானும் நினைத்தேன். பிறைக்குப் பக்கத்தில் இருந்த பெயரின் கடைசி மூன்று எழுத்துக்கள் மட்டுமே தெரிந்தன. ஆனால் அதே பெட்டியில் இருந்த சீவுளியின் மூக்கில் பென்சிலைத் தேய்த்தபோது 'மத்தியசன், கிளாஸ்கோ' என்று வந்தது. உளியில் மிஞ்சியிருந்த மூன்று எழுத்துக்கள் அந்தப் பெயரின் முடிவோடு பொருந்தின. பிறகு அக்கம்பனியின் பழைய விலைப்பட்டியலின் பிரதி ஒன்றை இணையத்தில் கண்டேன். அதில் அவர்களது வர்த்தகச் சின்னமாக அதே பிறையும் நட்சத்திரமும் இருந்தன.

துருக்கி உளி ஸ்கொட்லாந்து உளியாகிவிட்டது. அலெக்சாண்டர் மத்தியசன் அன்ட் சன்ஸ் என்ற அக்கம்பனி தனது தொடக்கத்தை 1792 என்று கணக்கிட்டது. கிளாஸ்கோ நகரின் சரசன் ஒழுங்கையில் இருந்த ஒரு சீவுளிப் பட்டறையே அதன் வேர். பிற்காலத்தில் பெரிய தொழிற்சாலை கட்டியபோதும் அதற்குச் 'சரசன் டூல் வேர்க்ஸ்' என்றே பெயர் வைத்தார்கள். 'சரசன்' என்பது சிலுவைப் போர்க் காலத்து ஐரோப்பியர் முஸ்லிம்களைக் குறிக்கப் பயன்படுத்திய சொல். அந்தப் பகுதியில் 'சரசனின் தலை' என்ற பெயரில் பழைய விடுதி ஒன்றும் இருந்தது. அந்தப் பெயரோடு பிறை சேர்ந்து நிற்பது எனக்கு இப்போது ஆச்சரியமாக இல்லை. முஸ்லிம்களோடு தொடர்பே இல்லாத ஒரு பட்டறையின் பிறை, கடல் கடந்து வந்து முஸ்லிம் ஓடாவி ஒருவரின் பெட்டிக்குள் சேர்ந்து, அங்கே வேறொரு கதையைப் பெற்றிருக்கிறது. அக்கம்பனியை 1957 இல் ஷெஃபீல்டைச் சேர்ந்த ரிட்ஜ்வே கம்பனி எடுத்துக்கொண்டது.

சின்னங்களை நம்பி நாட்டைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இன்னும் உதாரணங்கள் உண்டு. வில்லியம் மார்ப்பிள்ஸ் கம்பனியின் சின்னம் அயர்லாந்தின் மூவிலைச் செடி. அவர்களது தொழிற்சாலையின் பெயர் கூட அயர்லாந்தின் இலத்தீன் பெயரான 'ஹைபேர்னியா'. ஆனால் அது இருந்தது ஷெஃபீல்டில். ரொபர்ட் சோர்பியின் சின்னம் கங்காரு. டைசாக், சன்ஸ் அன்ட் டேர்னர் கம்பனியின் சின்னம் யானை. யானையைக் கண்டால் நாம் உடனே இலங்கைக்கோ இந்தியாவுக்கோ உரியது என்போம். இவ்விரண்டும் ஷெஃபீல்ட் கம்பனிகளே. எழுத்து வாசிக்கத் தெரியாதவரும், வேற்று மொழி பேசுபவரும் கடையில் வந்து "யானை மார்க் தாருங்கள்" என்று கேட்பதற்கு இச்சின்னங்கள் உதவின. ஷெஃபீல்டில் 1624 இல் சட்டத்தினால் நிறுவப்பட்ட கத்தி செய்வோர் சங்கம், யாருக்கு எந்தச் சின்னம் என்று பதிவு வைத்திருந்தது. அதனால்தான் பெயர் தேய்ந்து சின்னம் மட்டும் மிஞ்சினாலும் அதைச் செய்தவரைத் தேட முடிகிறது.

யார் செய்தது என்பது தெரிந்த பின் எப்போது செய்தது என்ற கேள்வி வருகிறது. எங்கள் பெரிய வாள் இதற்கு நல்ல பாடம். தகட்டு எழுத்தை அழித்துவிட்டோம். ஆனால் பிடியிலிருந்த பித்தளை வில்லையைக் காக்கா தொடவில்லை. அதில் 'எச். டிஸ்டன் அன்ட் சன்ஸ், பிலடா' என்று இருந்தது. 'பிலடா' என்பது அமெரிக்காவின் பிலடெல்பியா. இங்கிலாந்தில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா சென்ற ஹென்றி டிஸ்டன் 1840 இல் அங்கு வாள் செய்யத் தொடங்கினார். மூத்த மகன் பங்காளியானபோது, 1865 இல், பெயர் 'அன்ட் சன்' ஆனது. மற்ற மகனும் சேர்ந்தபின் 1871 இல் 'அன்ட் சன்ஸ்' ஆனது. 1917 அளவில் வில்லையில் 'டிஸ்டன்' என்று மட்டும் பொறிக்கத் தொடங்கினார்கள். ஆகவே எங்கள் வாள் 1871 க்கும் 1917 க்கும் இடைப்பட்டது. ஒருமை பன்மையைக் காட்டும் ஓர் எழுத்து இவ்வளவு சொல்கிறது. டிஸ்டன் குடும்பம் 1955 இல் கம்பனியை விற்றுவிட்டது. காக்கா அழித்த எழுத்து இருந்திருந்தால் எந்த மொடல் என்பதையும் வாசித்திருக்கலாம்.

காலத்தை அறிய வேறு தடயங்களும் உண்டு. அமெரிக்கா 1890 இல் இயற்றிய சுங்கச் சட்டப்படி, அடுத்த வருடம் முதல் அங்கு இறக்குமதியாகும் பொருட்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டியதாயிற்று. எனவே 'இங்கிலாந்து' என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் அது அக்காலத்துக்குப் பிந்தியது. ஆனால் அச்சொல் இல்லாததை வைத்துக்கொண்டு முந்தியது என்று சொல்ல முடியாது. அமெரிக்காவுக்கு அனுப்பாத பொருளில் அதைப் பொறிக்கத் தேவையிருக்கவில்லை. பிரித்தானியப் பொருளில் மூலைகளில் எழுத்துக்கள் கொண்ட சாய்சதுர முத்திரை இருந்தால் அது 1842 க்கும் 1883 க்கும் இடையில் பதிவான வடிவம். 1884 முதல் அதற்குப் பதிலாக 'ஆர்.டி.' என்ற எழுத்துக்களும் இலக்கமும் வந்தன.

வீதியின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தால் அது அதிர்ஷ்டம். அக்காலத்து நகரங்களில் வர்த்தகர்களின் பெயரும் முகவரியும் கொண்ட கையேடுகள் அச்சிடப்பட்டன. ஒரு கம்பனி எந்த ஆண்டு எந்த வீதியில் இருந்தது என்பதை அவற்றில் பார்க்கலாம். இலங்கைக்கும் பெர்குசன் கையேடு இருந்தது. செய்தவரின் பெயருக்குப் பதிலாக இறக்குமதி செய்து விற்ற கடைக்காரரின் பெயர் குத்தப்பட்ட கருவிகளும் உண்டு. கொழும்பு முகவரி ஒன்று கிடைத்தால் அதை அங்கே தேட வேண்டும். மரச் சீவுளிகளுக்கு டபிள்யூ. எல். குட்மன் 1968 இல் வெளியிட்ட பிரித்தானிய சீவுளித் தயாரிப்பாளர் பட்டியல் உண்டு. ஷெஃபீல்டில் கருவிக்கடை வைத்திருந்த கென் ஹோலி என்பவர், கம்பனிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட காலத்தில் அவற்றின் கருவிகளையும் விலைப்பட்டியல்களையும் சேர்த்துவைத்தார். அத்தொகுப்பு இப்போது அந்நகரின் கெல்ஹம் தீவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. ஒரு கருவி முழுவதும் ஒருவர் செய்ததாக இருக்க வேண்டியதில்லை. எங்கள் சீவுளியின் மர உடல் கிளாஸ்கோவினது. அலகை எடுத்துப் பார்த்தபோது ஷெஃபீல்டின் 'வோர்ட் அன்ட் பேய்ன்' என்ற பெயர் இருந்தது. தீட்டித் தீட்டி அலகு தேய்ந்தால் ஓடாவி புது அலகு போடுவார். உடலுக்கும் அலகுக்கும் வெவ்வேறு வயது இருக்கலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் மாமாவிடம் என் குறிப்புகளைக் காட்டினேன். அவர் பொறுமையாக வாசித்துவிட்டு, "நல்ல விலை போகுமா?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். இவை அக்காலத்தில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட சாதாரண வேலைக் கருவிகள். கறள் தின்றவை. பெரிய விலை போகாது. "அப்ப ஏன் வெச்சிருக்கணும்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிரவு சீவுளியை உம்மம்மாவின் கட்டிலுக்கு அருகில் கொண்டுபோனேன். பழைய சீவுளிகளில் செய்தவரின் முத்திரையைத் தவிர, சொந்தக்காரர்களும் தமது பெயரைக் குத்துவார்கள் என்று வாசித்திருந்தேன். கை மாறும்போது புதியவரும் தனது பெயரைக் குத்துவார். எங்கள் சீவுளியின் பக்கத்தில் சிறு புள்ளிகள் கூட்டமாக இருந்தன. நான் அவற்றைப் பூச்சி துளைத்தது என்றே எண்ணியிருந்தேன். கடதாசியை வைத்துத் தேய்த்தேன். ஆணியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்திய தமிழ் எழுத்துக்கள் தெரிந்தன: 'க.வே.'

அது மூத்தாப்பாவின் பெயர் அல்ல. உம்மம்மா கடதாசியைக் கண்ணுக்கு அருகில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "இது காரைதீவு மேஸ்திரியார்ர" என்றார்.

மூத்தாப்பா பதினைந்து வயதில் வேலை பழகியது அடுத்த ஊரான காரைதீவைச் சேர்ந்த ஒரு தமிழ்த் தச்சரிடம். 1978 நவம்பர் சூறாவளியில் கிழக்கின் கூரைகள் பறந்தபோது இருவரும் சேர்ந்து மாதக்கணக்கில் இரண்டு ஊரிலும் கூரை போட்டார்களாம். அதன்பின் தனக்குக் கை தளர்ந்துவிட்டது என்று சொல்லி அவர் இந்தச் சீவுளியை மூத்தாப்பாவிடம் கொடுத்தாராம். 1990 இல் நடந்தவற்றுக்குப் பிறகு இரண்டு ஊருக்கும் இடையில் போக்குவரத்து நின்றது. மேஸ்திரியார் காலமான செய்தியே மூத்தாப்பாவுக்குப் பல நாள் கழித்துத்தான் வந்தது. "அண்டைக்கு உங்கட மூத்தாப்பா இந்தச் சீவுளிய மடியில வெச்சிக்கிட்டு இரிந்தாரு. சாப்பிடல்ல" என்றார் உம்மம்மா. மாமா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

மூத்தாப்பா அந்தச் சீவுளியில் தனது பெயரை எங்குமே குத்தவில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் அதனால் வேலை செய்தவர். நான் எல்லாப் பக்கத்தையும் தேய்த்துப் பார்த்துவிட்டேன்.

பழைய இரும்பு வண்டி மறு கிழமையும் வந்தது. மாமா சுத்தியல் தலையையும் உடைந்த கதவுப் பிணைச்சல்களையும் நிறுத்துக் கொடுத்தார். "பொட்டி இரிக்கட்டும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அடுத்த விடுமுறையில் அவரும் நானும் காரைதீவுக்குப் போய் மேஸ்திரியாரின் குடும்பத்தைக் கேட்டுப் பார்ப்பதாக இருக்கிறோம்.

இப்போது ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கடதாசி அட்டை எழுதிக் கட்டியிருக்கிறேன். அதில் ஐந்து விடயங்கள்: கருவியின் பெயர், முத்திரையின் தேய்ப்புப் பிரதி, செய்தவர், ஏறத்தாழ எக்காலம், யாருடைய கையில் இருந்தது. முதல் நான்கையும் நூல்களிலும் பழைய விலைப்பட்டியல்களிலும் தேடிக்கொள்ளலாம். கிளாஸ்கோவும் பிலடெல்பியாவும் தமது வேலையாட்களின் தொழிற்சாலைகளை மறக்காமல் எழுதிவைத்திருக்கின்றன. ஐந்தாவது விடயம் எந்த நூலிலும் இல்லை. எங்கள் வீட்டில் அது உம்மம்மாவிடம் மட்டுமே இருந்தது. அவருக்கு எழுபத்தெட்டு வயது.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணிலோ கட்டிலுக்கடியிலோ ஓர் ஓடாவியின் உளி, ஒரு தையற்காரரின் கத்தரிக்கோல், ஒரு கொல்லரின் குறடு கிடக்கக்கூடும். கறளைத் தேய்க்க அவசரப்படாதீர்கள். ஒரு கடதாசியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, வீட்டிலுள்ள வயது கூடியவருக்கு அருகில் போய் உட்காருங்கள்.